முப்பத்தொரு பெட்டிகள்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வடிகால் ராஜகுமாரியின் குசினிக்குள்ளால் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கந்தோரைப் பூட்டும்போது அது குசினிக்கு வெளியேதான் இருந்தது. சனியும் ஞாயிறும் கணினியை ஒருவரும் தொடவில்லை.

"ஸேர், இங்க வந்து பாருங்க. அடுப்புக்கு மேலால போகுது" என்று கூப்பிட்டாள் கணினியில் வேலை செய்யும் றமீஸா.

அம்பிகைபாகன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். திரையில் அம்பிட்டிய மலைச்சரிவு முழுவதும் பச்சையாக இருந்தது. நடுவில் ஒரு சிறு வீடு மட்டும் சிவந்து போய் நின்றது.

"வெள்ளிக்கிழமை வெளியிலைதானே பிள்ளை போனது?"

"நிபுணர் ஸேர் லீவு நாள்ல அவர்ட ஊர்ல இருந்தே மாத்தி ஈக்கிறார். வடிகான் ரெண்டடி அகலம் காணாதாம். நாலடியாம்."

"அவருக்கென்ன, அங்கையிருந்து அகட்டுவார். இஞ்சை எங்களுக்கெல்லோ இடம் வேணும்."

அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு; வடக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. அம்பிகைபாகன் முப்பத்து மூன்று வருடங்களாகப் படவரைஞர். கோடு பிழைத்தால் சவர அலகால் மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து மினுக்கி, மறுபடி கீறுவார். அப்படிச் சுரண்டிய இடத்தை வேறு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இந்த நேரத்தில்தான் அம்பிட்டிய வடிகால் திட்டமும் அதனோடு கணினி மொடலும் வந்து சேர்ந்தன.

பழைய படத்தில் கோடு என்றால் கோடு. அது சுவரா, வேலியா, தேநீர் சிந்திய கறையா என்று பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். மொடல் அப்படியல்ல. அதில் சுவருக்குத் தான் சுவர் என்பது தெரியும். எந்தக் கல்லால் கட்டியது, எத்தனை வருடம் நிற்கும் என்பதெல்லாம் தெரியும். இரண்டு பொருட்கள் ஒரே இடத்தில் வந்துவிட்டால் இரண்டும் உடனே சிவந்துவிடும்.

"வசதியில்லாத நாடுகள் மண்ணில் பிழை விடக்கூடாது. பிழைகளையெல்லாம் முதலில் கணினிக்குள்ளேயே விட்டு முடித்துவிட வேண்டும்" என்று வெளிநாட்டு நிபுணர் வகுப்பு எடுத்தபோது சொல்லியிருந்தார்.

அம்பிகைபாகன் அந்தக் கொள்கையை ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தார்.

வருகிற வெள்ளிக்கிழமை உதவி தருகிற நாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் மொடலில் ஒரு சிவப்பும் இருக்கக்கூடாது. இருந்தால் வடிகால் வேறு ஒரு நாட்டுக்குப் போய்விடும். ஒவ்வொரு மழைக்கும் மலையிலிருந்து சேறு இறங்கி வீட்டுக்குள் வருவது மட்டும் அம்பிட்டியவிலேயே தங்கிவிடும்.

"கானைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளு பிள்ளை."

றமீஸா தள்ளினாள். குசினி பச்சையாகியது. பக்கத்தில் இருந்த லைட் போஸ்ட் சிவந்தது.

"போஸ்டையும் தள்ளு."

"அது மின்சாரக்காரங்கட போஸ்டு ஸேர்."

"கணினிக்குள்ளைதானே. அவைக்கு ஷொக் அடிக்காது."

போஸ்ட் தள்ளப்பட்டது. அதிலிருந்து போன வயர் ஓய்வுபெற்ற நீதவான் ஒருவரின் மேல்மாடி விறாந்தையை ஊடறுத்துக்கொண்டு போயிற்று. விறாந்தை சிவந்தது. நீதவானோடு கொழுவிக்கொள்ள அம்பிகைபாகன் விரும்பவில்லை. போஸ்டைப் பழைய இடத்தில் நட்டுவிட்டு, வடிகாலை வலப்பக்கம் முழுவதுமாகத் தள்ளச் சொன்னார். திரை ஒரு தரம் நடுங்கிவிட்டுப் பாதிக்கு மேல் சிவந்து போயிற்று.

"அல்லாஹ்! அரச மரம் ஸேர்."

அந்த நேரம் பார்த்துப் பொறியியலாளர் வீரக்கோன் உள்ளே வந்தார். வீரக்கோனும் அம்பிகைபாகனும் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வார்கள். வீரக்கோன் திரையைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார்.

"அம்பி, வடிகால் அரச மரத்துக்குள்ளே போகிறதே?"

"தற்காலிகமாகத்தான் ஐயா."

"தற்காலிகமாகவும் போகக்கூடாது! இந்தக் காலத்தில், அதுவும் நீங்கள், கண்டியில் புத்தருடைய அரச மரத்தின் வேரை வெட்டினீர்கள் என்று ஒரு கதை வெளியே போனால்..." அவர் வசனத்தை முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அம்பிகைபாகன் வடிகாலைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்தார். குசினி மறுபடி சிவந்தது.

"இந்த ஒரு வீடுதானா தொல்லை? என்ன இலக்கம்?"

"இலக்கம் இல்லை ஐயா."

"காணி உறுதிப் பத்திரம்?"

"அதுவும் இல்லை."

"அப்படியென்றால் அது வீடே இல்லையே" என்று சொல்லிவிட்டு வீரக்கோன் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அம்பிகைபாகன் திரைப் பக்கம் திரும்பினார்.

"றமீஸா, அந்த வீட்டை அழி பிள்ளை."

"எனக்கு ஏலாது ஸேர்."

"ஏன்?"

"நானும் உம்மாவும் வாடகை வீட்டுல ஈக்குற. ஒருத்தர்ட வீட்டை அழிச்ச கையோட அங்க போய் எப்பிடிச் சோறு திங்குற?"

"இது படம்தானே?"

"படம்தான் ஸேர். அப்ப நீங்களே அமுக்குங்களேன்."

அம்பிகைபாகன் தானே அமுக்கினார். ஒரு சத்தமும் வரவில்லை. சவர அலகால் சுரண்டினால்கூடக் கொஞ்சம் தூள் பறக்கும். இதில் அதுவும் இல்லை. வீடு இருந்த இடத்தில் மொடல் தானாகவே புல் முளைக்க வைத்தது. திரை முழுவதும் பச்சையாகியது. பகல் சாப்பாட்டுக்கு முன்னமே வீரக்கோன் அதைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து புட்டுக் கோப்பையின் முன்னால் உட்கார்ந்த பிறகும் அந்தப் புல் அம்பிகைபாகனின் கண்ணைவிட்டுப் போகவில்லை. மனைவி கமலாசனி இரண்டு தரம் கேட்ட பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"வீட்டை அழிச்சால் என்ன நடக்கும்?"

"மொடலிலை இல்லாத வீடு அங்கை இல்லையெண்டுதான் கணக்கு. பெக்கோ மெஷின் வந்து கானை வெட்டிக்கொண்டு போகும். வீடு இருக்கிற ஆக்களுக்கெண்டால் மேலை வேறை வீடு கட்டிக் குடுப்பினம். இவைக்கு இல்லை."

"ஒரு குடும்பத்தை அழிச்சுப்போட்டு வந்து புட்டுக்குச் சம்பல் காணாதெண்டு கேக்கிறியள்."

"நம்பர் இல்லாத வீடு, கமலா. உறுதியும் இல்லை."

"எண்பத்து மூண்டிலை எங்கட மாத்தளை வீட்டுக்கு உறுதி இருந்தது. எரிச்சவங்கள் எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்டவங்களே?"

"நான் சும்மா ஒரு பட்டனைத்தானே அமுக்கினனான்."

"அவங்களும் சும்மா ஒரு நெருப்புக்குச்சியைத்தான் கிழிச்சவங்கள்."

அம்பிகைபாகன் அதற்குப் பிறகு சம்பல் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மற்றவர்களுக்கு முன்னமே கந்தோருக்குப் போய்க் காத்திருந்தார். றமீஸா கைப்பையை வைக்குமுன், "பிள்ளை, அந்த வீட்டைத் திருப்பி வைக்க வேணும்" என்றார்.

றமீஸாவின் முகம் மலர்ந்தது. ஆனால் மொடலுக்கு மலரவில்லை. கொழும்புக்குப் போய்விட்ட படத்தில் அழித்ததை அழிக்காததாக்க முடியாதாம். புது வீடாகத்தான் கட்ட வேண்டுமாம். புது வீடு என்று சொன்னதும் திரையில் வரிசையாகப் பெட்டிகள் வந்தன. றமீஸா எண்ணினாள். முப்பத்தொன்று.

கூரை என்ன, சுவர் என்ன, எத்தனை மாடி, எத்தனை மலசலகூடம், எத்தனை பேர், அவர்களுடைய பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், பிறந்த ஊர், படிப்பு, தொழில். ஒரு பெட்டியும் வெறுமையாக இருக்கக்கூடாது. இருந்தால் மொடல் வீட்டைச் சேமிக்காது, கணினியை மூடவும் விடாது.

"இதெல்லாம் எங்களுக்கு எப்பிடி ஸேர் தெரியும்?"

"எல்லாத்துக்கும் ஒண்டு போடு. பிறகு பார்ப்பம்."

றமீஸா முப்பத்தொரு பெட்டியிலும் ஒன்று ஒன்றாகப் போட்டாள். மொடல் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது. வீடு திரும்பி வந்து புல்லின் மேல் உட்கார்ந்தது. சிவப்பாகத்தான் உட்கார்ந்தது. ஆனாலும் வந்துவிட்டது. அம்பிகைபாகன் வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

புதன்கிழமை காலை வீரக்கோன் கையில் ஒரு கடிதத்தோடு நின்றார். நிபுணரிடமிருந்து கணினி வழியாக வந்திருந்தது.

"அம்பி, இதைக் கேளுங்கள். 'இந்த வீட்டில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று தனியாக வாழ்வதை அறிந்து எங்கள் குழு மிகவும் கவலையடைந்தது. குழந்தைதான் குடும்பத் தலைவர் என்றும் தெரிகிறது. சமைப்பது யார்? குழந்தையின் தொழில் ஒன்று என்றால் என்ன?'"

றமீஸா மேசைக்குக் கீழே எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

"பிள்ளைக்குத் துணைக்கு ஆக்களைப் போட்டுவிடுகிறேன் ஐயா" என்றார் அம்பிகைபாகன்.

போட்டார். கணக்காக எத்தனை பேர் என்று தெரியாததால், குழந்தைக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று நாற்பது பேரைப் போட்டார். மொடல் அரை நிமிடம் யோசித்தது. நாற்பது பேருக்கு ஒரு மலசலகூடம் போதாது என்று அதற்குத் தெரியும். அது தானாகவே இன்னும் நான்கு மலசலகூடங்களைக் கட்டியது. வீட்டைச் சுற்றி இடம் இல்லாதபடியால் வெற்று நிலமாகத் தெரிந்த இடத்தில் கட்டியது. மரத்தடி மொடலுக்கு வெற்று நிலம்.

"ஸேர்" என்றாள் றமீஸா, வெளியே வராத குரலில். "நாலும் அரச மரத்துக்குக் கீழ."

வீரக்கோன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அதுதான் அம்பிகைபாகனுக்குப் பயமாக இருந்தது.

"அம்பி, நான் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பஸ் எடுத்து அம்பிட்டியவுக்குப் போங்கள். அந்த வீட்டுக்காரரிடம் உண்மையைக் கேளுங்கள். உண்மையை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்."

அம்பிகைபாகன் அளவு நாடாவையும் முப்பத்தொரு கேள்வி எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வழியில் ஒரு சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அவர் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் பழக்கப்பட்ட கையால் எடுத்து நீட்டினார். அளவு நாடா எதற்கு என்று கேட்டார்கள். வடிகால் என்றார். கந்தோர்க் கடிதத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

ஒழுங்கை முடிந்து, ஹபீலின் சில்லறைக் கடை தாண்டி, ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் வீடு. ராஜகுமாரி வாசலில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நீளக்காற்சட்டையும் தாளுமாக ஒருவர் வருவதைக் கண்டதும் எழும்பிக் கைகளைச் சேலையில் துடைத்தாள்.

"வாங்க சார். ஒக்காருங்க. தண்ணி பில்லுங்களா? எங்களுக்குத் தண்ணியே இல்லீங்க."

"இல்லைப் பிள்ளை. கான் திட்டத்திலையிருந்து வாறன்."

அவள் தார்ப்பாய்ப் படங்கு விரித்த சாய்ப்பின் கீழ் ஸ்டூலைப் போட்டாள். பிளேன்டீ கொண்டு வந்தாள். அம்பிகைபாகன் தாளை விரித்தார்.

"கூரை என்ன?"

"பாதி தகரம், பாதி படங்கு. பின்னாடி தேர்தல் பேனர் ஒண்ணு. தோத்துப்போனவரோடதுங்க, ஆனா ஒழுகாது."

பெட்டியில் ஓடு, தகரம், கொங்கிறீற்று மூன்றுதான் இருந்தன. அம்பிகைபாகன் யோசித்துவிட்டுத் தகரம் என்று எழுதினார்.

"எத்தனை மாடி?"

ராஜகுமாரி வாயைப் பொத்திச் சிரித்தாள். "சார் பகிடி பண்றீங்க."

"சரி, குசினி இதுதானே?" அவர் தான் இருந்த சாய்ப்பைக் காட்டினார்.

"இல்லீங்க. இது சும்மா படங்கு. மழைக்கு வெறகு நனையாம கட்டினது. குசினி அங்கிட்டு, மேப்பக்கம்."

அம்பிகைபாகன் தேநீரை வைத்துவிட்டு எழும்பினார். அளவு நாடாவை எடுத்து அளந்தார். மறுபடி அளந்தார். மேலேயிருந்து படம் பிடித்தவர்கள் படங்கைக் கூரை என்று எண்ணிவிட்டார்கள். கூரைக்குக் கீழே குசினி என்று யாரோ எழுதிவிட்டார்கள். உண்மையான குசினிக்கும் வடிகாலுக்கும் இடையில் ஆறடி இருந்தது. மூன்று நாட்களாக வடிகால் போய்க்கொண்டிருந்தது ஒரு விறகுக் கட்டுக்கு மேலால்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. கண் கலங்கும் வரைக்கும் சிரித்தார். ராஜகுமாரிக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் மரியாதைக்காகச் சேர்ந்து சிரித்தாள்.

"உங்கட வீட்டுக்கு ஒண்டும் இல்லைப் பிள்ளை. இந்தப் படங்குதான் எல்லாத்துக்கும் காரணம்."

"அப்ப படங்க இப்பவே அவுத்துடுறேங்க சார். அவுத்துட்டா ஒண்ணும் எழுத வேணாம்தானே?"

அது நியாயமான கேள்வி. பிறகு பல நாட்கள் அம்பிகைபாகன் அந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் கதிரையில் நிமிர்ந்து உட்காருவது போல அந்த ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து விளக்கம் சொன்னார்.

"அப்பிடிச் சொல்லக்கூடாது. எழுதாமல் விட்டால் நீங்கள் இல்லையெண்டுதான் அர்த்தம்."

"இல்லாமலே இருந்துக்கிறோம் சார்."

"என்ன?"

"இத்தன நாளும் அப்பிடித்தானே இருந்தோம். ஓட்டு லிஸ்டுல இல்ல. கூப்பன்ல இல்ல. கொறஞ்சா போயிட்டோம்?"

அம்பிகைபாகனுக்கு மனம் இளகிவிட்டது. தோட்டத்துச் சனம் இப்படித்தான், கேட்கத் தெரியாது, தருவதை வாங்கவும் கூச்சம் என்று யாழ்ப்பாணத்தில் அவர் சின்ன வயதிலிருந்தே கேள்விப்பட்டிருந்தார். யாராவது ஒருவர் இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத்தானே வேண்டும்.

"இஞ்சை பாருங்கோ பிள்ளை. இதிலை எழுதினால் ஒரு நம்பர் வரும். நம்பர் வந்தால் தண்ணி வரும், லைட் வரும். நாளைக்கு ஒருத்தரும் இந்த வீட்டை அழிக்கேலாது." அவர் தாளை மடியில் நிமிர்த்தி வைத்தார். "வீட்டிலை எத்தினை பேர்?"

"நானும் அவரும்."

"அவற்றை பெயர்?"

ராஜகுமாரி தோய்த்த உடுப்பை மறுபடி பிழிந்தாள். அதில் தண்ணீர் இருக்கவில்லை.

"அவரு வேலைக்குப் போயிருக்காருங்க. மேசன் வேல. வந்தோன்ன அவர்கிட்டயே..."

"நாளைக்கே குடுக்க வேணும் பிள்ளை. பெட்டி வெறுமையா இருந்தால் கணினி பூட்டுப்படாது."

"பொய்யா ஒரு பேரு போட்டுக்கங்களேன் சார்."

"பொய் போட்டுத்தான் ஒரு வயசுப் பிள்ளைக்கு நான் நாலு கக்கூஸ் கட்டிக் குடுத்திருக்கிறன்" என்றார் அம்பிகைபாகன். அவள் மறுபடியும் மரியாதைக்குச் சிரித்தாள்.

"இத யாருங்க சார் பாப்பாங்க?"

"ஒருத்தரும் பாக்கமாட்டினம். வெள்ளைக்காரன் கேக்கிறான், நாங்கள் நிரப்புறம். முழுக்கக் கானுக்குத்தான். கூச்சப்படாதேங்கோ. நானும் தமிழன்தானே?"

அவள் அவரைப் பார்த்தாள். முடி நரைத்த மனிதர். தேநீரை மிச்சம் விடாமல் குடித்திருந்தார். படங்கைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருந்தார்.

"புவனேந்திரன்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வயது முப்பத்தொன்பது. அடையாள அட்டை ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இருந்தது. அவர் அதைப் பார்த்து இலக்கத்தை எழுதிக்கொண்டார்.

"பிறந்த ஊர்?"

"நானு நாவலப்பிட்டிங்க. எழுபத்தேழுல தோட்டத்துல அடிச்சு வெரட்டுனப்ப எங்கப்பா எங்கள அள்ளிக்கிட்டுக் கிளிநொச்சிக்குப் போனாரு. அங்கதான் கட்டிக்கிட்டது. சண்டைக்கு முடியாம ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இங்கிட்டே வந்துட்டோம்."

"அவர்?"

"அவரு அந்த ஊருதாங்க. அங்கயே பொறந்தவரு."

அம்பிகைபாகன் முத்து முத்தான எழுத்தில் கிளிநொச்சி என்று எழுதினார். முப்பத்தோராவது பெட்டியும் நிரம்பியது. போகும்போது ராஜகுமாரி அவருக்கு இரண்டு ஜம்புக்காய் கொடுத்தாள்.

வியாழக்கிழமை எல்லாம் சரியாக நடந்தது. குழந்தை போயிற்று. நாற்பது பேர் போனார்கள். அரச மரத்தடி துப்புரவாகியது. குசினி தனக்குரிய இடத்துக்குப் போனது. வீட்டுக்குப் பதினேழின் கீழ் ஒன்று என்று இலக்கம் விழுந்தது. றமீஸா கடைசிப் பெட்டியை நிரப்பியதும் வீடு பச்சையாக மாறியது. மொடலில் ஒரு சிவப்பும் இல்லை.

"பாத்தீங்களா ஸேர், எவ்வளவு வடிவா ஈக்குது" என்றாள் றமீஸா.

வீரக்கோன் அம்பிகைபாகனின் தோளில் தட்டினார். மொடல் அன்றைக்கே கொழும்புக்குப் போனது. அங்கிருந்து தண்ணீருக்கு, மின்சாரத்துக்கு, தொலைபேசிக்கு, இன்னும் யார் யார் கேட்டார்களோ அவர்களுக்கெல்லாம் போனது. ஒருவர் ஒரு தரம் எழுதினால் எல்லோரும் பார்க்கலாம் என்பதுதான் மொடலின் பெருமை என்று நிபுணர் அடிக்கடி சொல்லுவார்.

வெள்ளிக்கிழமை ஒருவரும் வரவில்லை.

கந்தோரில் புது மேசைவிரிப்புப் போட்டு, பிஸ்கட்டும் கட்லட்டும் வாங்கி வைத்திருந்தார்கள். பதினொரு மணிக்கு ஒரு கடிதம் வந்தது. நாட்டின் பாதுகாப்பு நிலைமையைக் கருத்தில் கொண்டு திட்டம் காலவரையறையின்றி ஒத்திவைக்கப்படுகிறது. மொடல் மிகச் சிறப்பாக இருந்தது, வாழ்த்துக்கள்.

வீரக்கோன் அதை வாசித்துவிட்டு ஒரு கட்லட் எடுத்தார். "சாப்பிடுங்கள் அம்பி. இதையாவது ஒத்திவைக்காமல் முடிப்போம்."

வெளியே மழை பிடித்தது. அம்பிட்டியவில் சேறு இறங்கத் தொடங்கியிருக்கும் என்று அம்பிகைபாகன் நினைத்தார். ஐந்து நாள் பாடுபட்டு ஒரு அடி கான்கூட வெட்டவில்லை.

வீட்டுக்குப் போய்க் கமலாசனியிடம் அதைச் சொன்னார்.

"கான் இல்லாட்டி என்ன? அந்தப் பிள்ளைக்கு ஒரு நம்பராவது வந்ததுதானே?" என்றாள் அவள். "அழிச்ச கையாலை திருப்பி எழுதிப்போட்டியள். அது பெரிய காரியம்."

அது உண்மைதான் என்று அவருக்கும் பட்டது. ஒரு துண்டுத் தகரத்தை எடுத்து வெள்ளைப் பெயின்ற் பூசினார். காய்ந்ததும், பழைய தூரிகையால் 17/1 என்று கறுப்பில் எழுதினார். ஒன்றின் அடியில் சின்னதாக ஒரு கோடும் இழுத்தார். முப்பத்து மூன்று வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக அவர் எதையும் எழுதியதில்லை.

சனிக்கிழமை காலை அதைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு அம்பிட்டிய பஸ் ஏறினார். ஒழுங்கை முழுவதும் சேறு. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினார். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. படங்கு அவிழ்க்கப்பட்டு, ஒழுங்காக மடித்து, விறகின் மேல் வைக்கப்பட்டிருந்தது. கொடியில் உடுப்பு நனைந்தபடி தொங்கியது.

இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஹபீலின் கடைக்கு ஏறி வந்தார். ஹபீல் அரிசி மூட்டையைச் சேறு படாமல் பலகைக்கு மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"கீழ் வீட்டு ராஜகுமாரி வேலைக்குப் போட்டாவோ?"

"கண்டிக்குப் போய் ஈக்கிறா ஸேர். நேத்தும் போய் அழுதழுது வந்தாவு. நீங்க யாரு?"

"நான் கான் கந்தோரிலையிருந்து. அவவின்ரை வீட்டை ஒருத்தரும் இடிக்கமாட்டினம் எண்டு சொல்லத்தான் வந்தனான். அழ வேண்டாமெண்டு சொல்லுங்கோ." அவர் பேப்பரைப் பிரித்துத் தகரத்தைக் காட்டினார். "இதையும் குடுங்கோ. இனி அவையள் பதிவிலை இருக்கிற ஆக்கள்."

ஹபீல் தகரத்தை வாங்கவில்லை.

"வீட்ட இடிக்க யாரும் வரல்ல ஸேர்; ரெண்டு வருஷமா இந்த ஒழுங்கையச் சல்லடை போட்டுத் தேடியும் அந்தப் பக்கம் எறங்காத பொலிஸ் ஜீப்புக்காரங்க, நேத்துக் காலைல கையில ஒரு கணினிப் படத்தோட நேரா அங்க போய் நிண்டு ஆளக் கொண்டுபோயிட்டாங்க; கதவத் தட்டுறதுக்கு முந்தியே புவனேந்திரன்ட பேரும் பொறந்த ஊரும் அவங்களுக்குத் தெரிஞ்சு ஈந்திச்சு."